போன்ஜூருக்குப் பதில் சொல்லாதவர்

அவரை எல்லாரும் குறடு என்றுதான் கூப்பிடுவார்கள். துருவேறி இறுகிப்போன நட்டாக இருந்தாலும் பிடித்தால் விடமாட்டார், அதனால் வந்த பெயர். இருபத்தெட்டு வருஷமாகப் பிளம்பர் வேலை. அடைப்பு எடுப்பதில் கைகாரர். அப்பேர்ப்பட்ட ஆள் ஐம்பத்திரண்டு வயதில் நோட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பிரெஞ்சு வகுப்புக்குப் போனார் என்றால் யார் நம்புவார்கள்?

போக வைத்தது சம்பந்தியம்மா. மகள் வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் வீடியோவில் வந்து பத்து நிமிஷம் பேசினார். குறடு சிரித்தார், தலையாட்டினார், மறுபடி சிரித்தார். போனை வைத்தபோது தாடை வலித்தது.

"கடையில வச்ச பொம்மை மாதிரி ஆட்டுனீங்களே, தலை கழண்டு விழலையா?" என்றாள் மனைவி.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. அந்த அம்மா இரண்டு மாதத்தில் நேரில் வருகிறார். வந்து நிற்கும்போது நாலு வார்த்தை தன் வாயால் பேசிவிட வேண்டும். அவ்வளவுதான் குறடின் ஆசை.

முதல் நாள் வகுப்பிலேயே சறுக்கிவிட்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பாங்கியில் வேலை என்றாள் ஒருத்தி, நர்ஸ் என்றாள் இன்னொருத்தி, கம்ப்யூட்டர் என்றான் ஒருவன். அடுத்தது குறடின் முறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், இத்தனை படித்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சாக்கடை குத்துகிறவன் என்று எப்படிச் சொல்வது?

"எஞ்சினீயர்" என்றார்.

டீச்சர் அதற்குப் பிரெஞ்சு வார்த்தையைப் போர்டில் எழுதிப் போட்டாள். அன்றிலிருந்து அவர் எஞ்சினீயர் சார். ஒவ்வொரு வகுப்பும் தன்னை அறிமுகம் செய்துகொள்வதில்தான் ஆரம்பிக்கும். ஆக வாரத்துக்கு இரண்டு தடவை எழுந்து நின்று புளுக வேண்டியதாயிற்று. அவருக்குத் தட்டுத் தடுமாறாமல் வந்த முதல் பிரெஞ்சு, பொய்தான். சாயங்காலம் நகக்கண் வலிக்க வலிக்கக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவார். போனாலும் கை மேஜைக்கு அடியில்தான் கிடக்கும்.

மற்றபடி பாடத்தில் குறை வைக்கவில்லை. அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் கம்பியைக் குழாய்க்குள் விட்டுச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றையும் பிரெஞ்சில் எண்ணுவார். "அன், தொ, த்ருவா..."

பிரெஞ்சுக்காரர்களின் பழக்கவழக்கமும் டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். "எங்க நுழைஞ்சாலும் முதல்ல போன்ஜூர்னு வணக்கம் சொல்லணும். கடையோ ஆஸ்பத்திரியோ, எதுவா இருந்தாலும் சரி. அடுத்தவங்க சொல்லி நீங்க பதில் சொல்லலைன்னா, நீ மனுஷனே இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி."

குறடு அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

ஒருநாள் காலையில் மேஸ்திரி போன் பண்ணினார். "யோவ் குறடு, அந்த டியூஷன் கட்டடத்துல கீழ்ப் பாத்ரூம் பொங்கி வழியுதாம். உடனே போ."

அவருடைய வகுப்பு நடக்கும் அதே கட்டடம். "வேற ஆள அனுப்புங்க மேஸ்திரி."

"வேற ஆள் போய் முடியாம திரும்பி வந்துட்டான். உன்ன விட்டா எவன்யா இருக்கான்?"

வகுப்பு சாயங்காலம்தானே, காலையில் யார் வரப்போகிறார்கள் என்று போனார். நடைவழியில் குழிமூடியை நெம்பித் திறந்து, வாயும் மூக்கும் மறையத் துண்டைக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து முழங்கை வரை உள்ளே விட்டுக் கம்பியைச் சுற்றினார். யாரோ தரை துடைக்கிற துணியை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். கம்பி அதைக் கவ்விய நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், டீச்சர். காலையிலும் ஒரு வகுப்பு எடுக்கிறாள் போல.

நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாமல் நின்றாள். "போன்ஜூர், மெஸ்யே."

குறடு தலையைக் குழிக்குள் கவிழ்த்துக்கொண்டு, அடைப்பு இன்னும் சிக்காத மாதிரி கம்பியைச் சுற்றினார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மாடிப்படி ஏறிப் போகும் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை. அடுத்த வகுப்புக்கும் போகவில்லை. சாக்கடையில் கை வைத்ததெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை. ஒரு பிள்ளை மனுஷனாக மதித்து வணக்கம் சொன்னதற்கு வாயை மூடிக்கொண்டு கிடந்தோமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. கடைசியில் மனைவியிடம் கொட்டிவிட்டார்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தார். திட்டவில்லை. "உங்க மக சம்பந்தியம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கா தெரியுமா? எங்கப்பா பிளம்பர், அவர் கை பட்டா ஒழுகுற குழாயும் வாயை மூடிக்கும்னு. அந்தம்மா வீட்டுச் சமையக்கட்டுல ஏதோ ஒழுகுதாம். உங்ககிட்ட யோசனை கேக்கணும்னு போட்டோ எடுத்து வச்சிருக்காங்களாம்."

கடல் தாண்டிப் போய் மகள் தலைநிமிர்ந்து சொன்னதை, இவர் நாலு தெரு தள்ளிச் சொல்ல முடியாமல் புளுகியிருக்கிறார். மனைவி திட்டியிருந்தாலே தேவலை.

அடுத்த வகுப்புக்குப் போனார். வாசலிலேயே நின்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"போன்ஜூர், மிஸ்" என்றார். "அன்னிக்குக் குழியில கிடந்தது நான்தான். நீங்க சொன்னதுக்குப் பதில் சொல்லல. தப்பு."

"தெரியும் சார்."

"துண்டு கட்டியிருந்தேனே?"

"நான் வரும்போது த்ருவா, கத்ருன்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. இந்தத் தெருவுல வேற யாரு சார் சாக்கடையப் பிரெஞ்சுல குத்துவாங்க?"

வகுப்பே சிரித்தது. பின்னால் எவனோ, "அப்ப எஞ்சினீயர் சார்?" என்றான். குறடின் காது மடல் கொதித்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். விடவில்லை.

"எஞ்சினீயர் இல்லப்பா. மிஸ், குழாய் வேலை செய்யறவனுக்கு அவங்க பாஷையில என்ன? கேட்டா தெரிஞ்சுபோயிடும்னு இத்தனை நாள் கேக்கவே இல்ல."

அவள் போர்டில் எழுதினாள். அவர் நின்ற இடத்திலிருந்தே எழுத்துக் கூட்டி, நான் ஒரு பிளம்பர் என்று பிரெஞ்சில் சொன்னார். பொய் வந்த அளவுக்கு இது சரளமாக வரவில்லை. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தார். பழக்க தோஷம், கை தானாக மேஜைக்கு அடியில் போனது. இழுத்து மேலே வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனது. மறுபடியும் இழுத்து வைத்தார்.