மலையை மறைக்கப் போகும் நசீருதீன்

நசீருதீன் மலையை மறைக்கப் போகிறார் என்ற வதந்தி, காலையில் பால் பாக்கெட்டோடு சந்திரகலாவின் வாசலுக்கு வந்தது. பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடித் தோற்றுப்போன மலை அது. அதை இரண்டு லோடு ஹாலோ பிளாக்கை வைத்துக்கொண்டு எதிர் வீட்டு மெத்தைக்கடைக்காரர் மறைத்துவிடுவார் என்பதில், செங்கம் சாலையை ஒட்டிய சோணாசல நகரில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சந்திரகலாவுக்கு இது உயிர் போகிற விஷயம். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் தெருவில் யாரும் அகல் ஏற்றுவார்கள். மற்ற வீடுகளுக்கு முன்னால் விடுதிகள் எழும்பிவிட்டன. இவள் வீட்டுக்கு முன்னால் நசீருதீனின் தாழ்வான வீடு. அதனால் உச்சி தெரிகிற மாடி இவளுடையது ஒன்றுதான். மேலே நின்று "ஏத்திட்டாங்கோ" என்று இவள் ஒரு குரல் விட்டால்தான் கீழே தீக்குச்சி உரசும். டிவி நேரலையைத் தெரு நம்பாது, சந்திரகலாவை நம்பும். இந்தப் பதவிக்குத் தேர்தல் கிடையாது, சம்பளம் கிடையாது, விட்டுக்கொடுக்கிற உத்தேசம் அவளுக்கும் கிடையாது.

கணவர் முருகவேலிடம் முறையிட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மலை என்ன நம்ம பட்டாவுலயா இருக்குது? போய் அவங்களையே கேளு."

போனாள். "கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமா கைசர்?" என்று நசீருதீனின் மனைவியிடம் ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டு மரத்துலருந்துதானக்கா நானே பறிக்கிறேன்," என்றாள் கைசர் ஜஹான். "மாடியைப் பத்திக் கேக்க வந்தீங்களா? உக்காருங்க."

வதந்தி உண்மைதான். மகள் சதஃப் மாப்பிள்ளையோடு இங்கேயே வந்துவிடப் போகிறாள். கீழே இடம் போதாது; மேலே ஒரு மாடி எழுப்புகிறார்கள்.

"அப்ப மலை?"

"அது அங்கியேதான் இருக்கும்மா," என்றார் நசீருதீன். "அதை மட்டும் தொட வேணாம்னு கொத்தனாராண்ட சொல்லி வச்சிருக்கேன்."

சந்திரகலா சிரிக்கவில்லை. கைசர் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க சும்மா இருங்க. அக்கா, இந்த வருஷம் எங்க மாடியில நின்னு குரல் குடுங்க. உசரம் ஜாஸ்தி. பக்கத்துத் தெருவுக்கும் கேக்கும்."

பக்கத்துத் தெருவுக்கும். சந்திரகலா கால் தரையில் பாவாமல் வீடு திரும்பினாள்.

கார்த்திகைக்குள் தளம் போட்டாயிற்று; கைப்பிடிச் சுவர்தான் பாக்கி. தீபத்தன்று மத்தியானமே மாடி சந்திரகலாவின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. "ஓரமா போவாதீங்க", "செருப்பைக் கீழ விடுங்க", "நெட்டையா இருக்கறவங்க பின்னாடி நில்லுங்க" என்று ஓயாமல் கத்தினாள். பக்கத்துத் தெருக்காரர்கள் ஏறிவந்தார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து மறுபடியும் கத்தினாள்.

இத்தனை வருஷம் உச்சியை மட்டும் பார்த்தவளுக்கு அன்று மலை தோளும் இடுப்புமாக முழுசாய் நின்றது. உச்சியில் பொட்டாக ஜோதி எழும்ப, வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தாள். பஞ்சரான டயர் போல ஒரு சத்தம். மாடியில் நின்றவர்களுக்கும் ஜோதி தெரிந்தது. ஆனால் முந்திக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. மத்தியானம் முழுக்க வாங்கிய திட்டு அப்படி. கீழே இரண்டு தெருவும் தீப்பெட்டியும் கையுமாக அண்ணாந்து நின்றது.

சந்திரகலா கைசரின் முழங்கையைக் கிள்ளினாள்.

கைசர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு "ஏத்திட்டாங்கோ" என்று ஒரு குரல் விட்டாள். இரண்டல்ல, மூன்று தெரு விளக்கேற்றியது. அரோகரா சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் சுக்குக் காப்பியோடு கைசர் வந்தாள். "உங்க குரலை நான் குடுத்துட்டேன்கா. எனக்கு ஒண்ணு பாக்கி. எங்க மாடியில மேக்கால தென்னை மறைக்குது. ரம்ஜான் பிறையை உங்க மாடியிலருந்து பாத்து நீங்கதான் குரல் குடுக்கணும்."

ரம்ஜான் நெருங்க நெருங்க சந்திரகலா யாரிடமும் சத்தமாகப் பேசவில்லை. முருகவேலின் வாழ்க்கையில் பொற்காலம். பிறை தெரிய வேண்டிய மாலையில் தேன் நக்கித் தொண்டையைத் தீட்டிக்கொண்டு மாடியேறினாள். மேற்கே ஒரே மேகம். இருட்டும்வரை எக்கி எக்கிப் பார்த்தாள். பிறைச் செய்தி கைசருக்கு போனில் வந்து சேர்ந்தது.

பெருநாள் காலையில் சேமியாக் கிண்ணத்தை நீட்டியபடி கைசர் சொன்னாள், "குரல் பாக்கி நிக்குதுக்கா."

"மேகம் மூடினா நான் இன்னா பண்றது?"

"அது எனக்குத் தெரியாது."