கறுப்பு மணலில் ரமிஸ்கோ

என் அப்பா இராசரத்தினம் நியூசிலாந்துக்கு வந்து முதலில் பார்த்தது வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை. புக்கெகோஹியில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில், எண்பத்தைந்தாம் ஆண்டு முழுவதும் அதைச் செய்தார். அதற்கு அடுத்த வேலை அவருக்கு ஒரு வேலியால் கிடைத்தது.

எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் மேல்காற்று தடையில்லாமல் அடிக்கும். அப்பா ஓடைக்கரையில் நின்ற நாணல் தண்டுகளை வெட்டி, குறுக்கே வரிச்சுத் தடி வைத்து, யாழ்ப்பாணத்தில் கட்டுவதுபோல நெருக்கமாகக் கட்டினார். ஒருநாள் வீதியால் போன பழைய லொறி ஒன்று நின்றது. அறுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி வந்து, எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வேலியைத் தோளால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அதன் பிறகுதான் தன் பெயரைச் சொன்னார். அடலீனோ. போர்த்துக்கல் நாட்டுக் கடற்கரையில் கொலாரஸ் என்ற ஊர். வையூக்கு தாண்டி மேற்குக் கரையில் திராட்சை வைத்திருந்தார். இப்படி வேலி கட்டும் ஆளைத்தான் இருபது வருடமாகத் தேடுகிறேன் என்றார்.

அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டார். அம்மாவின் பெயர் அன்னபாக்கியம். வாயை மூடிக்கொண்டிருக்க அவருக்குத் தெரியாது.

"பறங்கியைக் கலைச்சு முன்னூறு வருசம். இப்ப இஞ்சை வந்து அவனுக்கு வேலி அடைக்கப் போறியளே?"

"வெங்காயத்தைவிட திராட்சை மேலப்பா," என்றார் அப்பா.

அப்பாவுக்குத் திராட்சை தெரியும். உரும்பிராயில் நாற்பது கொடி வைத்திருந்தவர். ஆனால் அவர் அறிந்தது தலைக்கு மேலே பந்தலில் ஏறும் கொடி. அடலீனோவின் கொடிகளோ மணலில் பாம்பு போலக் கிடந்தன. முதல் வாரம் அப்பா ஒரு கொடியைத் தூக்கித் தடியில் கட்டிவிட்டார். மறுநாள் காலை அதில் ஓர் இலைகூட மிச்சமில்லை. தஸ்மன் கடலின் காற்று எல்லாவற்றையும் உரித்திருந்தது. அடலீனோ கோபிக்கவில்லை. கொடியை அவிழ்த்துக் கீழே கிடத்தினார்.

கொலாரஸிலும் இப்படித்தான் என்றார். அங்கும் மேற்கே பெருங்கடல், உப்புக் காற்று, கோடையிலும் காலையில் மூடும் பனிப்புகார். அதனால் கொடியைத் தரையோடு விட்டு, சுற்றிவர நாணல் தட்டி கட்டுவார்கள். பழம் முற்றும்போது மட்டும் ஒரு சாண் உயரக் குச்சிகளை முட்டுக் கொடுத்துக் குலையைத் தூக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் மணற்சூட்டில் பழம் வெந்துபோகும். இங்கே மணல் கறுப்பு. இரும்புத்தூள் கலந்தது. இங்கே மாசி உச்சிக் கோடை; அதில் வெறுங்காலை வைக்க முடியாது. அப்பா குச்சிகளை ஒரு சாணுக்கு மேல் நான்கு விரல் கூட்டி வெட்டினார். அந்த வருடம் பழம் கருகவில்லை.

கொடியின் பெயர் ரமிஸ்கோ. சிறிய, கருநீலப் பழம், தடித்த தோல். அப்பா ஒன்றை வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "கடுக்காயைச் சப்பினது போலை கிடக்கு." அதன் வைனும் அப்படித்தானாம். பத்து வருடம் மரப்பீப்பாயிலும் போத்தலிலும் கிடந்தால்தான் துவர்ப்பு அடங்குமாம். அப்பா குடிப்பதில்லை. அடலீனோவும் அவரை வற்புறுத்தியதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு குளிர்காலத்தில் ஒக்லாந்து முழுவதும் கொடிகளைப் பிடுங்கினார்கள். வைன் தேங்கிவிட்டது என்று அரசாங்கமே உதவிப்பணம் கொடுத்துப் பிடுங்கச் சொன்னது. ஹென்டர்சன் பக்கம் வேரைத் தின்னும் பேனும் பரவியிருந்தது. அடலீனோ மட்டும் புதிதாக ஒரு வரிசை நடத் தொடங்கினார். மணலில் அந்தப் பேன் உயிர் வாழாது. ஆனால் கொடி பிழைக்க வேண்டுமானால் அதன் அடி, மணலுக்குக் கீழே இருக்கும் களிமண்ணைத் தொட வேண்டும். அதனால் மணலைக் களிமண்வரை அகழி போல வெட்டி, அடியில் தண்டுகளை ஊன்றி, அவை வளர வளர இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவருவார்கள்.

அகழி இரண்டு ஆள் ஆழம். அப்பாதான் வெட்டினார். அடலீனோ ஒருநாளும் உள்ளே இறங்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். இறங்குகிறவர் தலையில் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். மணல் சரிந்தால் கூடைக்குள் நிற்கும் காற்றில் கொஞ்ச நேரம் மூச்சு விடலாம். கொலாரஸில் எல்லோரும் அப்படித்தான் வெட்டுவார்களாம்.

"எருக் கூடையைத் தலையிலை கவிட்டுக்கொண்டு நிண்டால் என்னை ஆரெண்டு நினைப்பினம்?" என்று அப்பா வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை மணல் சரிந்தது.

பத்து நிமிடம் அப்பா உள்ளே கிடந்தார். அடலீனோ மேலிருந்து கையாலேயே தோண்டி எடுத்தார். அவருடைய நகங்கள் இரண்டு கழன்றிருந்தன. அப்பாவுக்குக் காயம் ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்தார், சோறு சாப்பிட்டார், நடந்ததை அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னார். அன்றிலிருந்து போர்வையை நெஞ்சுக்கு மேலே இழுப்பதில்லை.

சனிக்கிழமைகளில் நான்தான் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவேன். அப்பாவின் ஆங்கிலம் வெங்காயத்துக்கும் வேலிக்கும் போதும், அதற்கு மேல் போகாது. அந்தச் சனி அடலீனோ என்னைக் கூப்பிட்டு, அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். கேட்பதற்கு முன் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

தம்பியின் பெயர் ஜுவாக்கிம். நாற்பத்தோராம் ஆண்டு, அவனுக்குப் பதினாறு வயது. அகழிக்குள் நின்றான். மேலே நின்ற அடலீனோ பக்கத்துத் தோட்டத்தில் ஆரஞ்சு மரத்தடியில் தோடம்பழங்கள் உதிர்ந்து கிடப்பதைக் கண்டு, பொறுக்கி வருவதற்குத் தம்பியின் கூடையைக் கேட்டு வாங்கிப் போனார். கூடை நிறையப் பழத்தோடு திரும்பியபோது அகழி இருக்கவில்லை.

"உன் அப்பா கிடந்தது அவன் கிடந்த மாதிரித்தான். அவரிடம் கேள். உள்ளே அவன் ஏதாவது சொன்னானா?"

கேட்டது போர்த்துக்கல் மணலில் செத்துப்போன ஒருவனைப் பற்றி. அது கேட்கக்கூடிய கேள்வியே இல்லை. ஆனால் அவர் கண்ணைப் பார்த்த பிறகு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. தமிழில் அப்பாவிடம் கேட்டேன்.

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஓம், கூப்பிட்டவன் எண்டு சொல்லு."

"அப்பா, உண்மையே?"

"நீ சொல்லு பிள்ளை. பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. வீட்டிலை கூப்பிடுற பேர் போலை ஏதோ ஒண்டு. எனக்குப் பிடிபடேல்லை. கோவமாக் கூப்பிடேல்லை எண்டும் சொல்லு."

எங்கள் ஊரில் பதிவுப் பெயரால் அண்ணனைக் கூப்பிடும் தம்பி இல்லை. எல்லா ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். கணக்குச் சரியாக இருந்தது. அடலீனோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவன் என்னை ஒருநாளும் அடலீனோ என்று கூப்பிட்டதில்லை," என்றார்.

திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "ஒரு ஆறுதலுக்குத்தான். நாற்பத்தைஞ்சு வருசமா அந்தாள் அந்தக் கூடையைக் காவிக்கொண்டு திரியுது."

திங்கட்கிழமை அப்பா போனபோது அடலீனோ அகழிக்குள் நின்றார். தலையில் கூடை இல்லை. சரிந்த மணலை அள்ளி எறிந்துவிட்டு, களிமண்ணில் முப்பது தண்டுகளை ஊன்றியிருந்தார். பிறகு மணற்சுவரில் காதை வைத்து நின்றார். அப்பா பலகைகளைக் கொண்டுவந்து இரு பக்கமும் முட்டுக் கொடுத்தார். மறுநாள் பலகைகள் மேலே கிடந்தன. பலகை இருந்தால் கேட்காதாம்.

அந்த வாரம் முழுவதும் அப்பா வேறு வேலை செய்யவில்லை. அகழியின் விளிம்பில் குந்தியிருந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று உரக்க அடிக்கும்போதெல்லாம் விளிம்பிலிருந்து மணல் நூல் போல ஒழுகியதாம். பெயரைச் சொல்லிக் கத்தினாலும் அடலீனோ மேலே வருவதில்லை.

அடுத்த சனி, போய் இறங்கியதும் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அகழிக்குப் போனார்.

"சொல்லு அவருக்கு. நான் சொன்னது பொய். ஒருத்தனும் கூப்பிடேல்லை. அவரின்ரை மனசு ஆறட்டும் எண்டு சொன்னனான். மேலை வரச்சொல்லு."

நான் சொன்னேன். குனிந்து, ஒவ்வொரு சொல்லாக. அடலீனோ கீழிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"அப்பாவிடம் சொல். அவன் கூப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வாரத்தில் ஒரு பெயரும் சொல்லவில்லை. இருமுகிறான். இரண்டு தரம். தொண்டையில் மணல் போன மாதிரி."

நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் தான் கட்டிய வேலியை எட்டிப் பிடித்தார். உதடு வெளுத்துவிட்டது.

திரும்பும்போது வையூக்குவில் பெற்றோலுக்கு நிறுத்தினேன். அப்பா அங்கேதான் சொன்னார்.

"உஷா, நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எதை அப்பா?"

"இருமினதை. கொம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. நான்தான் இருமினன் ஆக்கும் எண்டு நினைச்சன். ஆனால் என்ரை வாய் மூடிக் கிடந்தது."

ஞாயிறு காலை அடலீனோ வையூக்குத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போவார். மறுநாள் அந்த நேரத்தில் நாங்கள் மூவரும் மண்வெட்டிகளோடு போனோம். அம்மாவிடம் அப்பா சொன்னது ஒன்றுதான்: திறந்த அகழி, கிழவன் உள்ளே விழுந்து சாகப்போகிறான், மூட வேண்டும்.

"பறங்கியின்ரை குழி மூடவும் அன்னபாக்கியம்தான் வரோணும்," என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே சேலையை இடுப்பில் செருகினார்.

அடியில் முப்பது தண்டுகளும் நின்றன. ஒன்றிரண்டில் மொட்டு வீங்கியிருந்தது. ஒரே தடவையில் மூடினால் ஒன்றும் பிழைக்காது. அப்பா அவற்றைப் பார்த்தார். பிறகு விளிம்பில் மண்வெட்டியை ஊன்றித் தள்ளினார்.

மூடுவதற்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. விளிம்பைக் கொஞ்சம் அசைத்தால் போதும், மணல் தானே ஓடிப் போனது. அரை மணித்தியாலத்தில் முக்கால்வாசி மூடிவிட்டோம். அப்போது அம்மா நிமிர்ந்தார்.

"ஆரப்பா இருமினது?"

நானும் கேட்டேன். பக்கத்தில் யாருமில்லை. கடல் ஒரு கரையில் இரைந்துகொண்டிருந்தது. மீண்டும் ஒரு தரம் கேட்டது, காலடியில்.

"மணல் சரியிற சத்தம்," என்றார் அப்பா. "தள்ளுங்கோ."

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சுப் பேசாமல் தள்ளினார்.

அடலீனோ எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டார். பூசைக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு லொறியிலிருந்து இறங்கி, மூடிய மணல் வழியே நடந்து வந்தார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"மூடும்போது கேட்டதா?"

அப்பா என்னை மொழிபெயர்க்க விடவில்லை. கேள்வி அவருக்கு விளங்கியிருந்தது. இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே சொன்னார்: "யெஸ். டூ டைம்ஸ்."

அடலீனோ தலையை ஆட்டினார். என்னிடம் சொல்வதுபோல, ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். தோடம்பழத்தோடு திரும்பி வந்த அன்றும் இரண்டு தரம்தான் கேட்டதாம், மணலுக்கு அடியிலிருந்து. அவர் தோண்டவில்லை. பயம். கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஆட்களோடு திரும்பி வர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. இருமல் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

நான் அப்பாவுக்கு முழுவதையும் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். ஆறுதல் சொல்வதற்கு இந்தத் தடவை அப்பாவிடம் ஒரு பொய்யும் இருக்கவில்லை.

தெற்கு முனையில் நாலு அடி மட்டும் இன்னும் திறந்து கிடந்தது. அங்கே கடைசித் தண்டு ஒன்றின் நுனி தெரிந்தது. அடலீனோ கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். விளிம்பில் ஊன்றி, ஒரு காலை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தள்ளினார்.