வற்றாப்பளையிலிருந்து நேரே வீட்டுக்கு

நான் ஓ.எல். பரீட்சை பாஸானால் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக அம்மா நேர்ந்திருந்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாஸானதில் அம்மனுக்குப் பாதிப் பங்கு கொடுக்க எனக்கும் சம்மதமாகத்தான் இருந்தது.

வைகாசிப் பொங்கலுக்கு ஸ்கந்தபுரத்திலிருந்து ட்ரக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் புறப்பட்டோம். மாங்குளம் தாண்டி, ஒரு குடியேற்றத்தின் முகப்பில் வெள்ளையடித்த கல் ஒன்று நின்றது. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களில் கொல்லப்பட்டவர்களுக்காக, எங்களைப் போல மலைநாட்டிலிருந்து ஓடி வந்தவர்கள் நட்ட கல். பெயர்களைக் கொத்தத் தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். அதில் மாமாவின் பெயரும் இருந்தது. அம்மாவின் ஒரே அண்ணன். உடல்கூடக் கிடைக்கவில்லை. அம்மா இன்னும் அந்தக் கல்லடிக்குப் போனதில்லை.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுப்பா" என்று அம்மா சாரதியைக் கூப்பிட்டா.

எங்களோடு வந்த அடுத்த வளவுப் பெரியம்மா விடவில்லை. வன்னியிலேயே பிறந்தவ, கோயில் முறையெல்லாம் தெரிந்தவ. "அம்மனிட்டைப் போற வழியில செத்தவையின்ர இடத்தில இறங்கிறதோ? துடக்கடி, தீட்டு! விரதம் என்னாகிறது?"

"அப்ப திரும்பி வர்றப்ப இறங்குறேன்க்கா."

"கோயிலால நேரே வீட்டைதான் போகவேணும். இடையில அங்கையெல்லாம் மிதிக்கக் கூடாது, ஓம்."

"போறப்பவும் ஏலாது, வர்றப்பவும் ஏலாதுன்னா எங்கண்ணன எப்பதான் பாக்குறது?"

நான் குறுக்கிட்டேன். "துடக்கு முப்பத்தொரு நாள்தானே, பெரியம்மா. இது எத்தனை வருசம்!"

"ஓ.எல்.லில துடக்கும் படிப்பிச்சவையோ?"

பெட்டி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி. ட்ரக்டர் நிற்கவில்லை.

ஒட்டுசுட்டான் சிவனைக் கும்பிட்டு, வற்றாப்பளை போய்ச் சேர்ந்தோம். கடல் தண்ணீரில் எரியும் விளக்கைப் பார்த்தோம்; பொங்கினோம். பொங்கலில் ஒரு பங்கை அம்மா வாழையிலையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டா. ஏனென்று கேட்டேன். "வீட்டுக்கு" என்றா.

அடுத்த நாள் காலை திரும்பும்போது, கல் தெரிந்ததும் பெட்டிப் பலகையில் படபடவென்று தட்டினா.

"நிப்பாட்டு தம்பி. வீடு வந்துருச்சு."

"ஆரின்ர வீடு?" பெரியம்மா நிமிர்ந்தா.

"எங்கண்ணன் வீடுக்கா. தோட்டத்துல இருந்த லயத்து வீட்டத்தான் எரிச்சிட்டாங்களே. அவருக்கு இப்ப இருக்கிறது இதுதான். நேரா வீட்டுக்குத்தானே போகச் சொன்னீங்க?"

சாரதி ட்ரக்டரை நிறுத்தினான்.

எல்லாப் பெயர்களையும் நான் உரக்க வாசித்தேன். மாமாவின் பெயருக்கு நேரே அம்மா இலையை விரித்தா. "சாப்புடுண்ணே. ஒம் மருமக பாஸாயிட்டா" என்றா. அழுவா என்று நினைத்தேன். அழவில்லை, கல்லில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தா.

பின்னால் சரளை நெரிந்தது. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றா.

"உன்ர அண்ணன்ர வீட்டை வந்திருக்கிறன். எனக்கொரு பிடி தரமாட்டியோ?"

அம்மா அந்த இலையிலிருந்தே அள்ளிக் கொடுத்தா. பெரியம்மா நின்றபடியே சாப்பிட்டா.

"சர்க்கரை கொஞ்சம் காணாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையை நீட்டினா.