நல்லூர் பஸ்ஸில் நான் சொன்ன தப்பான பதில்

இன்று காலை நல்லூர் பஸ்ஸில் எதிர் சீட்டுப் பெண் ஒரே குறிப்புத் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டப் போகிறாளாம்.

பாதித் திருப்பூருக்குத் தையல் கற்றுக்கொடுத்தவன் நான், சும்மா இருப்பேனா?

"எனக்கு நடத்திப் பாரு கண்ணு."

"நாலுல ஒரு பங்கு பெருசுங்களா, எட்டுல ஒரு பங்குங்களா?"

"எட்டுதான்!"

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க அப்படித் தோணுச்சு?"

"நாலை விட எட்டு பெருசாச்சே!"

என் பையிலிருந்த சாம்பிள் பனியனை வாங்கி நாலாக மடித்தாள். பிறகு எட்டாக.

"அட, சின்னதாயிருச்சே!"

குறிப்புத் தாளை அவள் அப்புறம் தொடவே இல்லை. பனியனை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

வேலை அவளுக்குத்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தப்பான பதிலை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். நம்பாதவர்கள் கீழே கமென்ட்டில் வந்து சண்டை போடலாம்.