கிணற்றுத் தண்ணீர் குடித்த பற்றறி

எங்கள் வளவுக் கிணற்றை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். அச்சுவேலிப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் வேறும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்தவர்கள் இன்னொரு முறை கேட்டு வாங்காமல் எழும்பியதில்லை. அயலில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் குடிதண்ணீருக்குக் குடத்தோடு எங்கள் படலையைத்தான் திறப்பார்கள். அந்தக் கிணறும் வளவும் வீடும் எனக்குச் சீதனமாக வந்தவை. கிணற்றை வெட்டுவித்தவர் என்னைப் பெற்ற ஐயா. பாறைக்கு வெடி வைத்து ஊற்றுக் கண்ட கதையை அவர் வாயால் கேட்காத ஆள் ஊரில் இருந்தால், அவர் பிறவிச் செவிடாகத்தான் இருக்க வேண்டும்.

என் கணவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கல்யாணத்துக்கு முன் மலைநாட்டில் வேலை பார்த்தவர். மாற்றலாகி வந்தபோது ஒரு தோட்டத்துரை வேண்டாம் என்று விட்ட பழைய காரையும் வாங்கிக்கொண்டு வந்தார். தவளைக் கண் போல இரண்டு விளக்கு, கால் வைத்து ஏறினால் கிறீச்சிடும் படி, மழை வந்தால் இழுத்து மூடும் கன்வஸ் கூரை. "மலையிலை அவ்வளவு ஏத்தத்திலையும் இது ஒருநாளும் முரண்டு பிடிச்சதில்லை" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதத்தில் அது முரண்டு பிடிக்கத் தொடங்கியது.

பிடித்த நேரம்தான் பொல்லாத நேரம். நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். தலைப்பிள்ளை. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவிச்சி சொன்னாள். பருத்தித்துறை ஆசுபத்திரி டாக்குத்தரும் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வலி கண்ட உடனை கொண்டு வந்திட வேணும், சுணங்கக் கூடாது" என்றார். மாட்டு வண்டிலில் போனால் வல்லைவெளியைத் தாண்டுவதற்குள்ளேயே என்னவும் நடக்கலாம். ஆகவே எல்லாரும் காரை நம்பியிருந்தோம். காரோ விடிந்தால் கொட்டிலுக்குள் கிடந்து முனகியது. ஸ்ராட்டரை அமத்தினால் கிழவன் இருமுவது போல இரண்டு சத்தம், பிறகு அதுவும் இல்லை. முன்னால் இரும்புப் பிடியைக் கொழுவிச் சுற்றலாம்தான். ஆனால் பற்றறி என்ற மின்கலப் பெட்டியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் எஞ்சினுக்குள் பொறி விழும். அது அடியோடு செத்துவிட்டால் பீமன் வந்து சுற்றினாலும் பலனில்லை.

என் கணவர் விடுமுறை நாட்களில் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்குவார். நான் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்தபடி மேற்பார்வை செய்வேன். முதலில் பற்றறியின் முனைகளில் பூத்திருந்த பச்சைப் பாசியைச் சுடுதண்ணீரும் சோடாவும் போட்டுக் கழுவினார். வயர்களைச் சுரண்டி இறுக்கினார். அடுத்த நாள் அதே முனகல். டைனமோவைச் சுற்றும் வார் தளர்ந்துவிட்டதோ என்று அதை இழுத்துக் கட்டினார். டைனமோவுக்குள் இருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்துவிட்டன என்று புதிதாக வாங்கிப் போட்டார். எஞ்சின் ஓடும்போது முன்தட்டில் மணிக்கூடு போல இருக்கும் வட்டத்தின் முள் நல்ல பக்கம் சாய்ந்து, கரண்ட் ஏறுகிறது என்று காட்டியது. எஞ்சினை நிறுத்தினால் முள் நடுவில் வந்து நின்றது. அப்படியென்றால் ஏறிய கரண்ட் டைனமோ வழியாகத் திரும்பி ஓடவில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் எனக்கு விளக்கமாகச் சொல்வார். விளங்காதது போல முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வேன்.

இந்த வைத்தியம் நடக்கும் காலம் முழுக்கப் பற்றறிக்குத் தண்ணீர் வார்க்கும் பொறுப்பு ஐயாவுடையது. அவராக எடுத்துக்கொண்ட பொறுப்பு. அடுத்த வளவிலிருந்து காலையில் வருவார். செம்பு நிறையக் கிணற்றில் அள்ளுவார். காரின் அடிப்பலகையைத் தூக்கி, பற்றறியின் மூடிகளைத் திருகித் திறந்து, கன்றுக்குட்டிக்குப் பருக்குவது போல மெல்ல மெல்ல வார்ப்பார்.

"தம்பி, உது மலையிலை நல்ல தண்ணி கண்டிராது. இனித்தான் தேறும், பாரும்."

"ஓம் மாமா" என்பார் என் கணவர்.

கடைசியாக ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டுக் கரண்ட் ஏற்றிய பற்றறியின் இரண்டு வயரையும் மாலையில் கழற்றிவிட்டார். வழியில் எங்காவது ஒழுகினால் இனி ஒழுக முடியாது. காலையில் கண்ணாடிக் குழாயால் பற்றறிக்குள் இருப்பதை உறிஞ்சிப் பார்த்தார். குழாய்க்குள் மிதக்க வேண்டிய மிதவை அடியில் போய்க் குந்தியிருந்தது. யாருக்கும் எதையும் கொடுக்காமல் சும்மா கிடந்த பற்றறி, விடிவதற்குள் வெறுமையாகிவிட்டது.

"அப்ப டைனமோவிலை பிழையில்லை?" என்று கேட்டேன்.

"இல்லை."

"வயரிலை?"

"இல்லை."

"அப்ப பெட்டி தன்ரை வயித்துக்குள்ளையே எல்லாத்தையும் தின்னுது. அதுக்குள்ளை என்ன கிடக்கு?"

"ஈயத் தகடு. அசிட்."

"வேறை?"

அவர் மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். "தண்ணி" என்றார், அணிலுக்குச் சொல்வது போல.

"மலையிலை என்ன தண்ணி விட்டனீங்கள்?"

"தகரக் கூரையாலை விழுற மழைத்தண்ணி."

நான் எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலை எடுத்துவந்தேன். அதன் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படை, கல்லாய் இறுகிக் கிடந்தது. மாதத்துக்கொரு முறை கத்தியால் சுரண்டுகிறவள் நான்தான். தண்ணீர் வாய்க்கு இனிப்பு, அது மாறாத உண்மை. ஆனால் அது சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் ஊறி வருகிற தண்ணீர். பாறையில் கரைந்ததெல்லாம் பற்றறிக்குள் போய், ஏறிய கரண்டைத் தின்றுகொண்டிருந்தது.

"உங்களுக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"கொஞ்ச நாளாய் ஒரு சந்தேகம்."

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை?"

"எப்பிடித் திறக்கிறது? சீதனக் கிணறு. மாமா வெட்டினது. நீர் என்னை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பீர்."

"கலைச்சுத்தான் இருப்பன்!" என்று கத்தினேன். "அதுக்காக? கிணத்துக்குப் பயந்து என்னையும் பிள்ளையையும் வண்டிலிலை ஏத்தப் பாத்தீங்களோ?" கத்தி முடியுமுன்னே அழுகை வந்துவிட்டது. எனக்குச் சரியான பயம். அத்தனை நாளும் கோபத்தால் அதை மூடி வைத்திருந்தேன். அவர் எண்ணெய்க் கையோடு வந்து பக்கத்தில் நின்றார். என் சேலையில் கறை பிடித்ததற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மருமகனால் சொல்ல முடியாததை மகள்தான் சொல்ல வேண்டும். அடுத்த நாள் காலை ஐயா செம்போடு வந்ததும் கேத்திலை அவர் முன் நீட்டினேன்.

"ஐயா, இனி இதுக்குள்ளை கிணத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ. இது கூடாதாம்."

ஐயா உள்ளே எட்டிப் பார்த்தார். "உது சுண்ணாம்பு. எலும்புக்கு நல்லது."

"காருக்கு எலும்பில்லை ஐயா."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப உந்தக் கார்தான் கூடாது. என்ரை தண்ணியைக் குடிக்கத் தெரியாத கார்" என்றார். செம்புத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார். அதன் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. சொன்னது சரி என்று தெரியும், ஆனாலும் காலையில் படலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் கணவர் பற்றறியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அதைக் கழுவி, புது அசிட் விட்டு, கரண்ட் ஏற்றிக் கொடுத்தார்கள். வார்ப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு போத்தல் கொடுத்தார்கள். கார் குதிரை போல எழும்பியது. ஆனால் அது நெருப்பு வெயில் காலம். பற்றறி தண்ணீரைக் குடித்துக் குடித்துப் போத்தலைக் காலி செய்தது. இனி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பின்னேரம் காலம் தப்பிய மழை சோவென்று கொட்டியது.

வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் முற்றத்தில் ஐயா நின்றார். நாலு தடி நட்டு, கோயிலுக்குக் கட்டும் வெள்ளை வேட்டியை அவற்றில் விரித்துக் கட்டியிருந்தார். நடுவில் ஒரு கல், கீழே சீனத்துச் சாடி. தலையில் ஒரு சாக்கைக்கூடப் போடாமல் தொப்பலாய் நனைந்துகொண்டிருந்தார். மலையில் மழைத்தண்ணீர் வார்த்த கதை எப்படியோ அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"நனையாதேங்கோ ஐயா!"

"கூரையாலை வாற தண்ணி ஊத்தை. இது நேரை வானத்தாலை வாறது" என்றார். சாடி நிறைந்ததும் அவரே கொண்டுபோய் மூடிகளைத் திறந்து வார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "இதுவும் எங்கடை வளவிலை விழுந்த தண்ணிதானே" என்றார்.

அந்தக் கிழமைக்குள் ஒரு காலையில் எனக்கு வலி கண்டது. என் கணவர் ஸ்ராட்டரில் கையை வைத்தார். நான் என் வலியை மறந்து அவர் கையையே பார்த்தேன். ஒரே அமத்தல், எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐயா முன் ஆசனத்தில் ஏறி, மடியில் ஒரு மண்கூசாவை வைத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர். பருத்தித்துறைத் தண்ணீர் உவராம், அதை மகள் குடிக்கக் கூடாதாம். வல்லைவெளிக் காற்றில் கூரை படபடக்க, எஞ்சின் சத்தத்தையே கேட்டபடி போய்ச் சேர்ந்தோம். நேரத்துக்கு வந்தது நல்லது என்றார் டாக்குத்தர். அவரும் அரும்பாடுபட்டுத்தான் பிள்ளையைத் திருப்பி எடுத்தார்.

பெண் குழந்தை. உள்ளே விட்டதும் ஐயா முதலில் எனக்குக் கூசாவிலிருந்து தண்ணீர் வார்த்துத் தந்தார். நான் குடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டுத்தான் பேத்தியைக் குனிந்து பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளை. அப்ப கிணறு இனி இவவின்ரை" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிமேல் கிணத்தைப் பற்றி ஏதும் குறை சொல்லுறதெண்டால் பயப்பிடாமல் இவவிட்டைச் சொல்லும்."

என் கணவர் பிள்ளையின் காதருகே குனிந்தார். "பிள்ளை, உங்கடை கிணத்துத் தண்ணி அமிர்தம். காருக்கு மட்டும் வேண்டாம்."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். செம்புத் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.