கதவுக்குப் பின்னால் என்ன இருக்கு?

சாவியைத் தொலைத்துவிட்டு யார் வந்து நின்றாலும் சாவிக்காரர் ஒரே கேள்விதான் கேட்பார்: "கதவைத் திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது என்ன?" செருப்பு ஸ்டாண்டு, பக்கத்தில் காற்றுப் போன சைக்கிள் என்று பட்டென்று பதில் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். திறந்தபின் சைக்கிள் அங்கே இல்லாவிட்டால், திரும்பப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஆள் குனிந்து நுழைகிற இடத்தில் இருபத்தாறு வருடமாகத் தொழில். திருடனுக்கு ஒரு கதவைக்கூடத் திறந்துவிட்டதில்லை என்பது அவர் பெருமை. அவர் மனைவிக்கு அது காது புளித்துப்போன பேச்சு.

அந்தக் கட்டடத்தை இப்போது இடிக்கப் போகிறார்கள். எதிர்வரிசையில் ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. நிமிர்ந்து நிற்கலாம், சொந்தமாக ஒரு கதவு. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் பேங்கில் இருந்தது. அவர் சாவி ராவியதில் பாதி, மனைவி வீட்டில் உட்கார்ந்து கம்பெனிச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்ததில் பாதி.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

"வணக்கம் சார், பேங்க்ல இருந்து பேசறேன். உங்க கார்டு இன்னைக்கு மதியத்தோட நின்னுடும். புதுப்பிக்கணும்."

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "பேங்க்னு யார் வேணா சொல்லலாம் தம்பி. என் கணக்குக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லு பாப்போம்."

அந்தப் பையன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் முழுப்பெயரைச் சொன்னான், கிளையைச் சொன்னான், கார்டின் கடைசி நாலு எண்ணைச் சொன்னான். வாரிசாக மனைவி பெயர் போட்டிருப்பதைக்கூடச் சொன்னான். "நல்ல கேள்வி சார். எல்லாரும் இப்படிக் கேட்டா எங்களுக்கு வேலையே மிச்சம். இப்ப நீங்கதான் நீங்களான்னு நான் பாக்கணும் இல்லையா? மெசேஜ்ல ஆறு நம்பர் வரும், சொல்லுங்க."

நியாயம்தானே என்று அவருக்குப் பட்டது. சொன்னார். தொழிலை ஒழுங்காகச் செய்கிற இன்னொருத்தனைப் பார்த்த திருப்தியோடு போனை வைத்தார்.

பத்து நிமிடத்தில் இன்னொரு போன். அலுத்த குரலில் ஒரு பெண். "சார், பேங்க். உங்க கணக்கிலேருந்து இப்ப ஒரு தொகை போயிருக்கு. நீங்க அனுப்பினதா?"

"நீ யாரும்மா? என் கார்டோட கடைசி நாலு நம்பர் சொல்லு."

"அதெல்லாம் போன்ல வேண்டாம் சார். கார்டுக்குப் பின்பக்கம் ஒரு நம்பர் இருக்கும். நீங்களே அதுக்குக் கூப்பிட்டுப் பேசுங்க."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, கதவு மட்டும் திறக்கணுமா? போம்மா, வேற ஆளப் பாரு." வைத்துவிட்டார்.

மதியம் சாப்பிட வந்தபோது இதை மனைவியிடம் விலாவாரியாகச் சொன்னார். அவள் நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சவன் உங்ககிட்ட என்ன கேட்டான்?"

"ஆறு நம்பர்."

"ஒண்ணும் தெரியாதவ?"

யோசித்தார். "அவ ஒண்ணும் கேக்கல."

ஊசி நின்றது. "அப்ப வாங்கிட்டுப் போனவன் யோக்கியன், கேக்காதவ திருடியா?"

"அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்ததே!"

"வீட்ட நோட்டம் விட்டவனுக்கும் சைக்கிள் தெரியுங்க."

சோறு ஆறியது. கார்டைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கத்து எண்ணுக்குக் கூப்பிட்டு, காதில் பாட்டைக் கேட்டபடி அரை மணி நேரம் நின்றார். பாதி போய்விட்டது. அந்தப் பையன் இரண்டாவது முறை எடுக்கப் பார்த்தபோது பேங்கில் கணக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பேங்கில் ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தாள். போனில் பேசியவள் இவள்தானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. குரல் அப்படியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. புகாரில் கையெழுத்துப் போட்டார். பேங்கில் இருந்த பழைய கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை.

"நான்தாம்மா நான்."

"தெரியுது சார். இன்னொரு தடவை போடுங்க."

"இவர் வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு வேணா கேளுங்கம்மா, எல்லாம் சொல்வார்" என்றாள் மனைவி. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. போன பணம் திரும்புமா என்று கேட்டதற்கு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

வெள்ளிக்கிழமை அறைக்காரர் இருந்த பாதியை வாங்கிக்கொண்டார். மீதிக்கு ஒரு மாதம் தவணை. தவறினால் அறை வேறொருவருக்கு. இனி திறக்கிற ஒவ்வொரு கதவின் கூலியும் அந்த மீதிக்குத்தான்.

சனிக்கிழமை காலை கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டதாம். பழக்கதோஷத்தில் சாவிக்காரர் கேட்டுவிட்டார். "நீல சோபா, மேல துவைச்ச துணி குவியலா கிடக்கும்" என்றார் அவர் சிரித்தபடி. சரளமான பதில். அந்தச் சரளம்தான் சாவிக்காரருக்குப் போனில் பேசிய பையனை ஞாபகப்படுத்தியது.

இரண்டாம் மாடியில், கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தபின் அப்படியே நின்றார். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஈரத்தலையோடு ஒரு அம்மாள் எட்டிப்பார்த்தாள்.

"இவர் இந்த வீட்டுக்காரர்தானா?"

"ஆமாங்க, அஞ்சு வருஷமா."

"அப்பாடா, திறங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

சாவிக்காரர் கம்பியைப் பூட்டின் துளை வரை கொண்டுபோனார். பிறகு மெதுவாகத் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க யாரு?"