சாக்பீஸ் திருடி

பை தைக்கும் பட்டறையில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. ஒருநாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தம்பி, வாசலில் நின்று "சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டான். துணியில் கோடு போடக் கேட்கிறான் என்று நினைத்த மேஸ்திரி, மேஜையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நீட்டிவிட்டார். "இது இல்ல, எங்க அக்கா" என்றான் அவன். பட்டறையே சிரித்தது. அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் கேட்காமலேயே அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னாள்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைதான் அவர்கள் வீடு. அத்தா பார்சல் வேன் ஓட்டுபவர். அம்மாவுக்கு ஒரு பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் அடுத்தது வயிற்றில் வந்துவிடும். இவள் மூத்தவள். காலையில் ஒரு பன், பால் விடாத டீ. மதியச் சோற்றோடும் டீ, சோற்றுக்குப் பிறகும் டீ. வீட்டில் கறி எடுத்தால் முதலில் அத்தாவுக்கு, அப்புறம் தம்பிகளுக்கு. "உழைக்கிற மனுஷன், வளர்ற பசங்க" என்பாள் அம்மா. இவளும்தான் வளர்ந்துகொண்டிருந்தாள், அது யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோறு போட்டு வழித்துத் தின்பார்கள்.

"அதுலதான்டி ருசியே இருக்கு" என்று அம்மா சொல்வாள். அம்மா பொய் சொல்கிறாள் என்று இவளுக்கு வெகுகாலம் தோன்றவே இல்லை.

வயதுக்கு வந்த பிறகு நிலைமை மோசமானது. மாதாமாதம் ரத்தம் கொட்டித் தீர்த்தது. "பொம்பளைன்னா அப்படித்தான்" என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது. பள்ளிக்கூட மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பள்ளிவாசல் கமிட்டி நடத்திய பெண்கள் பள்ளி அது. கணக்குப் பாடம் தொடங்கினால் கண் சொருகிக்கொண்டு போகும். டீச்சர்கள் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தார்கள். "ராத்திரி எந்த வீட்டுக்குக் கன்னம் வைக்கப் போனே?" என்று ஒரு டீச்சர் தினமும் கேட்பார். வகுப்பும் தினமும் சிரிக்கும்.

ஒருநாள் கரும்பலகையைத் துடைக்கச் சொன்னார்கள். சாக்பீஸ் தூள் வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது. யாரும் பார்க்காத நேரம் ஒரு துண்டை நாக்கில் வைத்தாள்.

"தாகத்துல செத்துக்கிட்டிருக்கும்போது யாரோ தண்ணி குடுத்த மாதிரி இருந்துச்சு" என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு விட முடியவில்லை. முதலில் பலகைக்கடியில் உதிர்ந்த துணுக்குகள், பிறகு முழுசு. கழிவறைக்குள் போய் நின்று கடித்துத் தின்பாள்.

இடையில் ஒருமுறை பள்ளிக்கு ஒரு நர்ஸம்மா வந்தார். ஒவ்வொரு பிள்ளையின் கண்ணிமையையும் கீழே இழுத்துப் பார்த்தார். இவளைப் பார்த்ததும், "என்னம்மா, காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கே" என்றார். இவளைப் போல் பாதி வகுப்பு இருந்தது. எல்லோருக்கும் சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை வயிற்றைப் பிசைந்தது, மலம் கறுப்பாகப் போனது. வீட்டில் பயந்துவிட்டார்கள். பள்ளி வாசலில் பிள்ளைகளை அழைக்க வரும் தாய்மார் கூடிக் கூடிப் பேசினார்கள்.

"நம்ம பிள்ளைங்களுக்கு நாளைக்குக் குழந்தை தங்காம பண்ணுற மாத்திரையாம்."

யார் கிளப்பிவிட்டது என்று யாருக்கும் தெரியாது. கமிட்டியில் 'எதுக்கு வம்பு' என்று நிறுத்தச் சொன்னார்கள். அது வெறும் புரளி என்று தலைமை ஆசிரியைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை டப்பாக்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

பெட்டி பெட்டியாகச் சாக்பீஸ் குறைவதை ஒருநாள் கண்டுபிடித்தார்கள். தலைமை ஆசிரியையே வந்து பைகளைக் கொட்டிப் பார்த்தார். இவள் பையில் கைக்குட்டைக்குள் கட்டிகள் இருந்தன.

"வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்றே? டியூஷன் எடுக்கிறியா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "சொல்லு, திருடினியா?" என்று மறுபடி கேட்டார். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டாள்.

"திங்கிறேன்னு சொல்லியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"திருடின்னா கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க. சாக்பீஸ் திங்குதுன்னா பைத்தியம்னு காலத்துக்கும் பேசுவாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அத்தாவை வரச் சொன்னார்கள். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தவர், கமிட்டிக்காரர் முன்னால் கைகட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் மகள் பக்கம் திரும்பினார்.

"அடுத்தவன் பொருளை ஒரு கீறல் விழாம கொண்டுபோய்ச் சேக்குறவன் நான். எனக்கு வந்து வாய்ச்சிருக்கே, திருடி!"

புத்தகப் பையை அவரே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "படிச்சது போதும், நட." அவள் அப்போது ஒன்பதாவது. தம்பிகள் 'சாக்பீஸ் திருடி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளாக ஆக, வாய் வலித்தோ என்னவோ, பின்பாதியை விட்டுவிட்டார்கள். அவளைப் பட்டறையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை, வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், அதட்டிப் பேசத் தெரியாத ஆள். தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, ஒருநாள் இங்கேயே மிஷின் மேல் மயங்கிச் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேதி கேட்டு அவள் கணவரும் வந்து சேர்ந்தார். டாக்டரம்மா ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"மண்ணு, சாக்பீஸ், சுண்ணாம்பு, இந்த மாதிரி ஏதாவது திங்கிறியாம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கணவர் பக்கம் திரும்பினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல டாக்டர்" என்றாள்.

"பயப்படாதே. உடம்புல இரும்புச்சத்து வத்திப்போச்சுன்னா அதையெல்லாம் திங்கத் தோணும். உன் குத்தம் இல்ல, அது நோய்."

"நோயா?"

"நோய்தான். மாத்திரை போட்டா நின்னுடும். டீயைச் சாப்பாட்டோட குடிக்காதே, அது இருக்கிற சத்தையும் உடம்புல சேரவிடாது."

கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். பள்ளிக்கு வந்து திரும்பிப்போன அதே மாத்திரை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பிரசவம் நெருங்கப் பயமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்து கணவர் தட்டிக்கொடுத்தார்.

சில வாரங்களிலேயே சாக்பீஸ் ஆசை அடியோடு போய்விட்டது. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. பகலில் தூக்கம் வரவில்லை. "எனக்கு வயிறு எரிஞ்சுச்சு" என்றாள். இவ்வளவு சுலபமான ஒன்றுக்கா என் படிப்பு போனது என்று.

பிள்ளை பிறந்ததும், அம்மாவோடு அத்தா பார்க்க வந்தபோது டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் பேரனைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அத்தா?"

"இப்ப என்ன சொல்ல வர்றே? சோறு போடாம உன்னைப் பட்டினி போட்டு வளத்தோம்னா?"

"அப்படிச் சொல்லல…"

"வேற எப்படி?" என்று எழுந்துவிட்டார். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். வாசல்வரை போனவர் திரும்பி, "என் வீட்ல யாருக்கும் நோய் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் இவளுக்குக் கீழே இன்னும் ஒரு மகள் இருக்கிறாள்.

தலைமை ஆசிரியையைத் தேடிப் போனாள். அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். சலாம் சொல்லி உட்காரவைத்து, அன்பாகத்தான் பேசினார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "எத்தனையோ பிள்ளைங்க வந்து போனாங்கம்மா. எனக்கு உன் முகமே நினைவில்ல" என்றார். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போன வார்த்தைகளை இவள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

கணவர்தான் யோசனை சொன்னார்: "இப்பதான் உனக்குத் தூக்கம் வர்றதில்லையே, பத்தாவது பரீட்சையைத் தனியா எழுதேன்." புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அவள் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் புத்தகம், மடியில் பிள்ளை. பரீட்சை அறையில், தன்னைவிட எவ்வளவோ சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினாள். கணக்கும் அறிவியலும் போய்விட்டன.

"மறுபடி எழுதலாம்" என்றார் கணவர்.

"எழுதலாம்" என்றாள்.

அடுத்த பிள்ளை வந்தது. அவள் எழுதவில்லை.